சாமந்தி பூக்கவில்லையா, வாடுகிறதா, கருகுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சாமந்தி சரியில்லை என்று என்னிடம் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஏதாவது ஒரு மருந்தை இரண்டு முறை தெளித்து முடித்திருப்பார்கள். என்ன மருந்து, எதற்காக என்று கேட்டால், கடையில் கொடுத்தார்கள் என்பார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். மாடியில் பல ஆண்டுகளாகச் சாமந்தி வளர்த்துப் பார்த்ததில், தொட்டிச் செடியின் துன்பங்களில் பெரும்பகுதி வெளிச்சத்திலும் தண்ணீரிலும்தான் தொடங்குகிறது. பூச்சியும் பூஞ்சையும் அதற்குப் பிறகு வருகின்றன.

எனவே தெளிப்பானைத் தொடுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தொட்டியைக் கையால் தூக்கிக் கனம் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை செடியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மூன்றாவதை யாரும் செய்வதில்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தச் செடி?

சாமந்தி, செவ்வந்தி இரண்டும் ஒன்றே. துலுக்கச் சாமந்தி எனப்படும் செண்டுமல்லி வேறு. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் வளர்ப்பு முறை வேறு. செண்டுமல்லி இலை சிறகுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். சாமந்தி இலை ஒரே இலையாகத் தடித்து, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு, அடிப்பக்கம் மெல்லிய சாம்பல் பூத்திருக்கும். செண்டுமல்லி விதையில் முளைத்துப் பூத்து, ஒரு பருவத்தில் ஆயுளை முடித்துக்கொள்ளும். அது காய்ந்துபோனால் உங்கள் தவறு எதுவும் இல்லை. சாமந்தி பூத்து முடிந்த பிறகும் தூரில் உயிர் வைத்திருக்கும். இனி வருவதெல்லாம் சாமந்திக்கு மட்டும்.

இலை செழிப்பாக இருக்கிறது, மொட்டே வைக்கவில்லை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சாமந்தி இரவின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கும் செடி. இருள் இடைவிடாமல் நீண்டிருந்தால்தான் மொட்டுக் கட்டும். கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் இந்தப் பகல்நீளக் கணக்கைப் புகையிலையிலும் சோயாவிலும் நிறுவினார்கள். குளிர்நாடுகளில் கோடைப் பகல் 16 மணி நேரம்வரை நீள்வதால், அங்கே இலையுதிர் காலம் வரும்வரை சாமந்தி பூப்பதில்லை. நம் ஊர் அப்படி இல்லை. திருச்சியில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம்தான். டிசம்பரில் பதினொன்றரை மணியாகக் குறைகிறது. அதாவது, வானம் தரும் இரவு நம் சாமந்திக்கு எப்போதுமே ஓரளவு போதும். அப்படியும் மொட்டு வைக்கவில்லை என்றால், இரவைக் கெடுப்பது எது என்று தேட வேண்டும்.

இரவு பத்து மணிக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான். செடியின் பக்கத்தில் நின்று ஒரு செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். தலைப்பைத் தாண்டிச் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தால், அந்த இடம் சாமந்திக்கு இரவே இல்லை. எங்கள் தெருவில் பழைய மஞ்சள் விளக்கை மாற்றி வெள்ளை எல்இடி போட்ட வருடம், மாடிச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்த ஏழு தொட்டிகளில் விளக்குக் கம்பத்துக்கு நேரே இருந்த மூன்று மட்டும் கார்த்திகை தாண்டியும் வெறும் இலையாக நின்றன. அவற்றின் பக்கத்துத் தொட்டியில் ஒரே செடியில் சுவர் நிழல் விழுந்த கிளைகள் பூத்திருந்தன; வெளிச்சம் பட்ட கிளைகள் பூக்கவில்லை. ஒரே வேர், ஒரே மண், ஒரே உரம். அன்றுதான் இந்தச் செடியின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று புரிந்தது.

இதே கணக்கை வைத்துத்தான் மலர் விவசாயிகள் தொழில் செய்கிறார்கள். கர்நாடகத்தில் தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் இரவில் பஸ்ஸில் போனால், வயல் முழுவதும் பல்பு எரிவதைப் பார்க்கலாம். செடி உயரம் பிடிக்கும்வரை இரவை உடைத்துப் பூக்கவிடாமல் வைத்திருந்து, பிறகு விளக்கை நிறுத்துவார்கள். நள்ளிரவில் கொஞ்ச நேரம் எரிந்தாலே போதும், நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவாகிவிடும். உங்கள் வீட்டுப் படிக்கட்டு விளக்கும் தெரியாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

சரிசெய்வது எளிது. தொட்டி என்றால் இடம் மாற்றுங்கள். மாற்ற முடியாத இடமென்றால், மாலை 6 மணிக்கு வெயில் தணிந்ததும் செடி முழுவதையும் கறுப்புத் துணியாலோ ஓட்டையில்லாத அட்டைப்பெட்டியாலோ மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒரு நாள்கூட விடாமல் செய்ய வேண்டும். வெயில் இருக்கும்போதே மூடினால் உள்ளே வெப்பம் தேங்கி மொட்டு இன்னும் தள்ளிப்போகும். மறைக்க வேண்டியது நுனியை மட்டுமல்ல, இலைகளையும்தான். இருளை அளப்பது இலை. சோவியத் ஆய்வாளர் மிகயில் சைலக்யான் 1930களில் இதே சாமந்தியில்தான் அதைக் காட்டினார். நுனியில் இலைகளை நீக்கிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு கொடுத்தபோதும் நுனி பூத்தது. நீண்ட இரவு தொடங்கியதிலிருந்து பூ விரிய, இரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரம் ஆகும். பத்தே நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இரவு இருட்டாகத்தான் இருக்கிறது, அப்படியும் மொட்டு இல்லை என்றால் வேறு மூன்று காரணம் உண்டு. ஒன்று, சித்திரை, வைகாசி வெக்கை. இரவும் அனலாக இருந்தால் மொட்டு தாமதமாகும். பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு, தழைச்சத்து மிகுதி. யூரியாவோ கடலைப்புண்ணாக்குக் கரைசலோ வாரம் தவறாமல் ஊற்றினால் செடி கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டே போகும். ஆவணியோடு அதை நிறுத்திவிட்டுச் சாம்பல்சத்து உள்ள உரத்துக்கு மாறுங்கள். மூன்று, பகலில் போதிய வெயில் இல்லாமை. நேர்வெயில் 5 மணி நேரமாவது வேண்டும்.

வாங்கியபோது குடை பிடித்ததுபோல் பூத்தது, பூ முடிந்ததும் காய்கிறது

நர்சரியில் அந்த அழகான உருண்டைச் செடியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு செடியாக இருக்காது. நான்கைந்து நுனித் தண்டுகளை ஒரே தொட்டியில் நெருக்கி வேர்விட வைத்து, பல இடங்களில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் கொடுத்துக் குட்டையாக்கியிருப்பார்கள். அடுத்த முறை அதே செடி உயரமாகத்தான் வளரும். அது குறையல்ல, அதுதான் அதன் உண்மையான உயரம்.

தொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது சுருங்கி, தண்ணீரை எளிதில் ஏற்காது. மேலே ஊற்றுவது வேர்க்கட்டிக்கும் தொட்டிக்கும் இடையே வழிந்து கீழே போய்விடும். தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நாம் போதும் என்று நினைப்போம். உள்ளே வேர் தாகத்தில் காயும். தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகும் தொட்டி லேசாக இருந்தால் இதுதான் காரணம். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியின் விளிம்புவரை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து, எடுத்து வடியவிடுங்கள்.

பூ முடிந்தபின் செடியைத் தூக்கி எறியாதீர்கள். தண்டுகளைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, மண் லேசாக ஈரமாக இருக்கும்படி அரைநிழலில் வையுங்கள். சில வாரங்களில் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் எழும். அவற்றை வேரோடு பிரித்துச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த தொட்டியில் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நடுங்கள். அந்தக் கன்று உங்கள் வீட்டு மண்ணில், உங்கள் வீட்டு வெயிலில் பிறந்தது. கடைச் செடியைவிட அது உறுதியாக நிற்கும்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி தொங்குகிறது

மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெக்கையின் வாட்டம், கவலை வேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கினால் வேர் கெட்டிருக்கிறது. இந்த நேரத்தில் வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது.

தொட்டியைச் சாய்த்துத் தட்டி, வேர்க்கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே தலைமுடிபோல ஒரு நரம்பு மட்டும் தொங்கும். சேற்று நாற்றமும் வரும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை, வேரழுகல்தான்.

பாதி வேர் நன்றாக இருந்தால், கெட்டதை வெட்டிவிட்டுப் புதிய மண்ணில் நட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். அடுத்து நடும்போதே தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வைப்பது இதைவிட நல்லது. தொட்டியின் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

வேர் நன்றாக இருந்தும் செடி வாடினால், தண்டை அடியில் குறுக்காக வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக இல்லாமல் பழுப்பு வளையமோ கோடோ தெரிந்தால் அது வாடல் நோய். ஒரு பக்கத்து இலைகள் மட்டும் முதலில் மஞ்சளாவதும் இதன் அடையாளம். இதற்கு வைத்தியம் பார்த்து நாளைக் கழிக்காதீர்கள். செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்தி, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அந்தச் செடியிலிருந்து கன்றும் எடுக்க வேண்டாம்.

அடி இலைகள் கருகி, கருகல் மேலே ஏறுகிறது

மழைக்காலத்துத் தொல்லை இது. முதலில் சிறு மஞ்சள் புள்ளி, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. இலை காய்ந்தாலும் உதிராமல் தண்டிலேயே ஒட்டித் தொங்கும். இது இலைப்புள்ளி நோய். பூஞ்சை வித்துகள் மண்ணிலும் பழைய இலைகளிலும் கிடக்கும். மழைத்துளி தெறித்தோ, நாம் பூவாளியால் தலையோடு ஊற்றியோ அவற்றைக் கீழ் இலைகளுக்கு ஏற்றிவிடுகிறோம். பாதித்த இலைகளைக் கிள்ளி வெளியே போடுங்கள், செடிக்கடியில் உதிர்ந்ததையும் பொறுக்குங்கள். தண்ணீரைத் தூரில் மட்டும், காலையில் ஊற்றுங்கள். அப்படியும் ஏறினால் மேங்கோசெப் என்ற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 2 கிராம்.

ஆனால் கருகல் வட்டப் புள்ளியாக இல்லாமல், நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் இருந்தால் பூஞ்சை மருந்து பயன்படாது. இலையைச் சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். நரம்பு வேலிபோல் நின்று கருகலைத் தடுத்திருப்பது தெளிவாகத் தெரியும். அது இலை நூற்புழு. உறுதிசெய்ய வேண்டுமானால் அந்த இலையைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, சில மணி நேரம் கழித்து நல்ல உருப்பெருக்கியால் பாருங்கள். நெளியும் மெல்லிய இழைகள் தெரியும். தண்டில் படியும் ஈரத்தில் நீந்தித்தான் இவை மேலே ஏறுகின்றன. இலை நனையாமல் பார்த்துக்கொள்வதும், கடுமையாகப் பிடித்த செடியைக் களைந்துவிடுவதும்தான் வழி.

குளிர்ந்த ஈரமான இடங்களில் இன்னொன்றும் வரும். இலையின் மேலே வெளிர்மஞ்சள் குழி, அதே இடத்தில் அடிப்பக்கம் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைக் கொப்புளம். இதை வெள்ளைத் துரு என்பார்கள். பல நாடுகள் இதைக் கண்டால் சரக்கையே திருப்பி அனுப்பும் அளவுக்கு அஞ்சும் நோய். அந்தச் செடியை எரித்துவிடுங்கள். கன்று கேட்டு வருபவர்களுக்கு அதிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

நுனி சுருண்டு பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது

அசுவினி. சாமந்திக்கென்றே உள்ள ஒரு வகை பளபளக்கும் கரும்பழுப்பில், மொட்டுக் காம்பைச் சுற்றி எள்ளை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். எறும்பு அது வடிக்கும் இனிப்புக்காக வருகிறது, அதற்குக் காவலும் நிற்கிறது. குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து நுனிகளைக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில். பொறிவண்டு தென்பட்டால் வேப்பெண்ணெயையும் தெளிக்காதீர்கள்; உங்களுக்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிட்டது.

இலை பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தியதுபோல் வெளிறி, நுண்ணிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் விழும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும், கவனம். இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடு இருந்தால் அது இலைக்குள் குடைந்து செல்லும் ஈயின் புழு. அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் போதும்.

ஒல்லியாக உயர்ந்து சாய்கிறது; அல்லது பூ ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே வருகிறது

முன்னது நுனி கிள்ளாததால். நட்ட நான்காவது வாரத்தில், மனம் கேட்காவிட்டாலும், கொழுந்தைக் கிள்ளியாக வேண்டும். ஒரு தண்டு நான்காகப் பிரியும். ஆனால் மொட்டுக் கட்டும் நேரத்தில் கிள்ளினால் அந்தப் பருவமே போய்விடும். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்று நினைப்பவர்கள் ஆடிக்குள் கிள்ளி முடித்துவிடுங்கள்.

பின்னது பழைய தூரை அப்படியே விடுவதால். ஒரு தொட்டியில் இருபது கன்று முண்டினால் ஒன்றுக்கும் சோறு இருக்காது. பழைய தூரிலிருந்தே மறுபடி வளரவிடும் மறுதாம்புப் பயிருக்கு மகசூல் குறையும் என்பது வயலில் சாமந்தி போடுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் பக்கக் கன்று பிரித்து நடுங்கள். இல்லையென்றால் 5 முதல் 7 சென்டிமீட்டர் நுனித் தண்டுகளை மணலில் வேர்விட வையுங்கள்.

மொட்டு வந்தது, விரியாமல் பழுப்பாகிறது

ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள். நாம் பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. அந்த நெருக்கத்தில் நீர் தேங்கினால் வடியாது. உள்ளே சாம்பல்நிறப் பஞ்சு இருந்தால் ஐப்பசி மழையில் வந்த பூஞ்சை; தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திக் காற்றோட்டம் கொடுங்கள். இதழோரம் சுரண்டியதுபோல் இருந்து, மெல்லிய கோடுபோன்ற பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். ஓட்டையும் எச்சமும் இருந்தால் புழு, கையால் எடுத்துவிடலாம். தலையில் வைக்கும் பூ, சாமிக்குச் சாத்தும் பூ இது. மொட்டு விரியும் நேரத்தில் இரசாயன மருந்து வேண்டாம்.

மற்ற செடிகளில் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. அல்லது பூ பச்சையாக, இலைபோல் வருகிறது

உரம் போட்டும் வளராமல், இலை வெளிறி, மற்றவற்றுக்கு முன்பே சிறு பூ வைத்துவிடும் குட்டைச் செடியைச் சந்தேகப்படுங்கள். வைரஸைவிடச் சிறிய ஒரு நோய்க்காரணி சாமந்தியைக் குட்டையாக்குகிறது என்று 1973இல் கண்டறிந்தார்கள். கிள்ளும் நகத்திலும் வெட்டும் கத்தியிலும் ஒட்டும் சாற்றோடு அது அடுத்த செடிக்குப் போகிறது. மருந்து இல்லை. இதழெல்லாம் பச்சை இலையாக மாறுவது தத்துப்பூச்சி பரப்பும் வேறொரு நோய். அதற்கும் மருந்து இல்லை. இரண்டையும் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த தொட்டியைத் தொடுங்கள்.

செடி நன்றாக இருக்கிறது, பறிப்பவர் கை அரிக்கிறது

இதைச் சேர்க்காமல் விட மனமில்லை. நாள்தோறும் சாமந்தி பறிப்பவர்கள், சரம் தொடுப்பவர்கள் பலருக்கு விரலிடுக்கிலும் முன்கையிலும், சிலருக்குக் கண்ணிமையிலும் தடித்துச் சிவந்து அரிக்கும். பூச்சிமருந்து பட்டதால் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியும் இருக்கலாம், ஆனால் மருந்தே தெளிக்காத செடியிலும் இது வரும். சாமந்தி இலையிலும் பூவிலும் இயல்பாகவே உள்ள கசப்புப் பொருள்கள் சிலர் தோலுக்கு ஒவ்வாது. பார்த்தீனியமும் இதே குடும்பம். பார்த்தீனியத்தால் அரிப்பு வந்தவருக்குச் சாமந்தியிலும் வர வாய்ப்பு அதிகம். கையுறை, முழுக்கைச் சட்டை, பறித்து முடித்ததும் உடனே கழுவுதல் ஆகியவை தொடக்கத்தில் உதவும். பறிக்காத நாட்களில் குறைந்து, பறிக்கும் நாட்களில் மறுபடி வந்தால், தோல் மருத்துவரிடம் போகும்போது ஒரு சாமந்தி இலையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.